பூட்டிய வீட்டில் ஈரம்

கடனுக்காக வங்கி ஜப்தி செய்த வீட்டைத் திறந்ததும் மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். பத்து நாளாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் தரை ஈரமாக இருக்கிறது. திரைச்சீலை இல்லாத ஜன்னல் வழியே விழும் காலை வெயில் அந்த ஈரத்தில் பளபளக்கிறது. சமையலறையிலிருந்து இரும்பு உரசும் சத்தம் வருகிறது. போன மாதம் வேறொரு வீட்டின் பழைய சொந்தக்காரர் ஒயர் முதல் கதவுக் கைப்பிடிவரை கழற்றிக்கொண்டு போனது நினைவுக்கு வர, அவர் ஓசைப்படாமல் உள்ளே நடக்கிறார். வீட்டை இழந்த அம்மாள் ஸ்பேனரோடு குழாயடியில் குனிந்திருக்கிறாள். "கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்களா?" என்கிறார். அவள் திடுக்கிடவில்லை. "குழாய் ஒழுகுதுன்னு அறிக்கையில எழுதினீங்களே சார். ஒழுகவிட்டது நாங்கதானே? வாஷர் மாத்தினேன். அப்படியே தரையையும் துடைச்சேன்."

"உள்ள எப்படி வந்தீங்க?"

"பின்கதவுச் சாவி ஒண்ணு எங்ககிட்டயே தங்கிப்போச்சு." ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டுகிறாள். வாங்கிக்கொண்ட பிறகும் அவர் முகம் இளகவில்லை. குழாயைத் திறந்து மூடிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நிற்கிறார். அவளும் நிற்கிறாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. "சரி, பையைக் காட்டுங்க." அவள் திறந்து பிடிக்கிறாள். தேய்ந்த பழைய வாஷரும் ஒரு ஈரத்துணியும் கிடக்கின்றன. அவர் கையை விட்டுப் பையின் அடிவரை துழாவிப் பார்க்கிறார்.