சிக்னல் வரவில்லை

எலக்ட்ரீஷியன் கதிரேசன் ஆறாவது முறையாக வயரைப் பிடுங்கி மாட்டினான். பம்ப் மோட்டாரை இயக்கும் டிரைவ் பெட்டியின் திரையில் மறுபடியும் அதே எழுத்து: சிக்னல் இல்லை. ஊரே காலிக் குடத்தோடு குழாயடியில் நின்றது.

"ஆபரேட்டர் சேவியர்தான் சார் எதையோ நோண்டிட்டான்!" என்று இன்ஜினீயரிடம் போனில் கத்தினான் கதிரேசன்.

"அப்ப அவனை இன்னையோட நிறுத்திடு," என்றார் இன்ஜினீயர்.

"நான் கையே வைக்கலண்ணே," என்றான் பக்கத்தில் நின்ற சேவியர்.

"உன் கை சும்மா இருக்குமாடா?"

எரிச்சலோடு கதிரேசன் தொட்டி மேல் ஏறி, நீர்மட்டம் பார்த்து மோட்டாருக்குச் சிக்னல் அனுப்பும் சென்சாரைக் கழற்றித் திருப்பினான். அதன் கண்ணை அடைத்துக் காய்ந்திருந்தன, சந்தனமும் குங்குமமும்.

"யாரு வேலைண்ணே?" கீழிருந்து சேவியர் கேட்டான்.

நேற்று ஆயுத பூஜைக்கு அதைக் கழற்றித் துடைத்து, பக்தியோடு பொட்டு வைத்தவன் கதிரேசன்தான்.