பூங்காவனம் தோண்டிய குழிகள்

"அங்க தோண்டாத" என்றார் போலீஸ்காரர் மார்செல்.

பூங்காவனம் ஓங்கிய மண்வெட்டியை மெல்ல இறக்கினாள். முற்றத்தில் ஏற்கனவே மூன்று குழிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. படலுக்கு வெளியே ரோட்டோரமாக நின்ற காரில் இன்ஸ்பெக்டர் லிண்ட்சே உட்கார்ந்திருந்தார். குழிகளைப் பார்த்துவிட்டு, என்னவென்று கேட்டு வரும்படி மார்செலை அனுப்பியவர் அவர்தான்.

வெள்ளைக்காரர் ஆண்ட அந்தத் தீவில் முப்பத்தேழாம் வருஷத்துக் கரும்புத் தோட்ட வேலைநிறுத்தம் அடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அதில் முன்னால் நின்று கோஷம் போட்ட பொன்னுசாமி மட்டும் இன்னும் போலீசிடம் சிக்கவில்லை. பூங்காவனம் அவன் மனைவி.

மார்செல் அதே ஊர்க்காரர். காக்கி உடுப்பு மாட்டிய நாளிலிருந்து ஊரில் யாரோடும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

"எதுக்கு இத்தன குழி?"

"மரம் நட, மிஸ்யே. ஃப்ளாக் சந்தையில கன்னு வாங்கினேன்." சுவரோரம் ஈரச் சாக்கில் சுற்றிவைத்த பலா, லிச்சி, தென்னங்கன்றுகளையும் ஒரு கட்டு வாழைக்கன்றையும் காட்டினாள்.

"உன் புருஷன் எங்க?"

"பா கோனே, மிஸ்யே. எனக்குத் தெரியாது. தெக்க பெல் ஒம்ப்ர் பக்கம் போயிட்டதா ஊருல சொல்றாங்க."

மார்செல் ஒவ்வொரு குழியாகக் குனிந்து, கையை விட்டு மண்ணைக் கிளறிப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்து, "மரம் நடத்தான் சார்" என்று சத்தம் போட்டார்.

"கொட்டகையைப் பார்" என்று காரிலிருந்து உத்தரவு வந்தது.

மார்செல் ஆட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தார். உள்ளே வைக்கோல் சரசரத்தது. ஆடு ஒன்று கத்தியது. பூங்காவனம் லிச்சிக் கன்றின் சாக்கை அவிழ்க்க உட்கார்ந்தாள். முடிச்சு கைக்கு அகப்படவில்லை.

அவர் பூட்ஸில் ஒட்டிய புழுக்கையைக் கல்லில் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். "ரெண்டு ஆடு சார். நாத்தம் தாங்கல. நீங்களும் ஒரு தடவ பாக்குறீங்களா?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். இறங்கவில்லை.

மார்செல் அத்தோடு போயிருக்கலாம். போகவில்லை.

"இந்தக் குழி எதுக்கு?"

"பலாவுக்கு."

"சமையக்கட்டுக்கு இவ்வளவு கிட்டயா? சிக்லோன் காத்து அடிச்சா கூரை மேலதான் சாயும். மூலைக்குத் தள்ளு."

"மூலையில தென்னை வரணும்."

"தென்னைய ரோட்டுப் பக்கம் போடு."

"போறவங்க தலையில காய் விழுந்தா?"

"தென்னை காய்க்கிறதுக்குள்ள ரோட்ட அகலப்படுத்திடுவாங்க."

லிச்சியை வாசலுக்கு நேராக வைக்கப்போவதாகச் சொன்னாள். ராத்திரி வௌவால் வந்தால் படுத்த இடத்திலிருந்தே தகரம் தட்டி விரட்டலாம். அந்த ஒன்றைத்தான் மார்செல் சரி என்றார்.

"வாழை?"

"கிணத்தடியில. குளிக்கிற தண்ணி பாயும்."

"வேண்டாம். கொட்டகைக்கு முன்னால வை."

"அங்கயா? ஆடு ஒரே நாள்ல தின்னுடுமே."

"கட்டிப் போடு."

பூங்காவனம் எழுந்து நின்றாள். "என் முற்றத்துல எந்த மரம் எங்க நிக்கணும்னு போலீசா சொல்லணும்?"

மார்செல் கொட்டகை வாசலுக்கு எதிரே ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து நின்ற கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எஸ்டேட் கரும்புதான? திங்கக்கிழம வெட்டுறாங்க. அப்புறம் மேல் ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாருக்கும் உன் கொட்டகை வாசல் தெரியும்."

"தெரியட்டுமே. ஆட்டத் தவிர அங்க என்ன இருக்கு?"

கார் ஹாரன் ஒருமுறை ஒலித்தது. மார்செல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அவளிடமிருந்து மண்வெட்டியை வாங்கினார். கொட்டகை வாசலை ஒட்டித் தானே குழி போட ஆரம்பித்தார். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே ஒரு முழம்கூட விடவில்லை.

"இவ்வளவு நெருக்கமா வச்சா குலை தள்ளாது, மிஸ்யே."

"தள்ளலன்னா போகுது."

வாழைக் கட்டைப் பிரித்து அவரே ஒவ்வொன்றாக ஊன்றினார். வேர்வை வழிந்து காலர் நனைந்தது. அவர் எப்போது தொலைவார் என்றிருந்தது பூங்காவனத்துக்கு. வாய்விட்டுச் சொல்ல முடியாமல், குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கன்றுகளுக்கு ஊற்றினாள்.

"என்ன செய்கிறாய் அங்கே?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"குழிய மூடுறேன் சார். உள்ள ஒண்ணுமில்ல."

கடைசிக் கன்றைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினார். மண்வெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, அவளைப் பார்க்காமல், ரோட்டையே பார்த்தபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இது தலைக்கு மேல வளர ஆறு மாசம் ஆகும், அதுவரைக்கும் பொன்னுசாமிய இருமாம இருக்கச் சொல்லு."