முழங்கால் பலகை

பாதி எழும்பி நின்ற பெரிய தேவாலயத்துக்குள் கட்டடக் கமிட்டித் தலைவர் நுழைந்தார். ஃபாதர் உள்ளே அமர்ந்து பாவங்களைக் கேட்கும் புதிய பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் ஆள் அசைவது தெரிந்தது. போய் அதன் முன்னிருந்த பலகையில் முழந்தாளிட்டார்.

"சாமி, ஒரு பாவம் பண்ணிட்டேன்."

"ம்ம்... ம்ம்!"

"தச்சு வேலைக்கு வந்த பொண்ணை நேத்து கூட்டத்துல வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். 'டிகிரி படிச்சிட்டு உளி பிடிக்குது பாரு. பொம்பளை செஞ்ச பெட்டி முன்னாடி எந்த ஆம்பளை முழங்கால் போடுவான்? தூக்கி வெளிய போடுங்க'ன்னுட்டேன்."

"ம்ம்ம்!"

"அழும்னு நெனச்சேன். முறைச்சுது, சாமி. அதுலேர்ந்து மனசே சரியில்ல. ஆனா சொன்ன பேச்சை மாத்தினா என் கௌரவம் என்னாகும்? நாளைக்கு பெட்டியைத் தூக்கத்தான் போறேன். அதுக்கும் சேர்த்து இப்பவே மன்னிச்சிடுங்க."

பெட்டியின் கதவு திறந்தது. வாயில் கவ்வியிருந்த நான்கு ஆணிகளைக் கையில் துப்பியபடி அந்தப் பெண் வெளியே வந்தாள்.

"ஃபாதர் ஊர்லயே இல்ல. நான் உள்ள பெஞ்சு பொருத்திட்டிருக்கேன். நிறுத்துங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்!"

சாரத்தின் மேல் கொத்தனார்கள் பூச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தலைவர் பதறி எழப் பார்த்தார்.

"இருங்க தலைவரே, என்ன அவசரம்? ஆம்பளை முழங்காலுக்குப் பலகை சரியா இருக்கான்னு சொல்லிட்டு எந்திரிங்க."