இரட்டை நிழல் பாய்ச்சல்

மேடை நடுவில் பூங்கோதை முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றாள்.

ஸ்பீக்கரில் இசை தொடங்கிவிட்டது. எட்டாத உயரத்தில், கலர்ப்பொடி நிரப்பிய மண்பானை ஒன்று கயிற்றில் தொங்கியது.

அதை உடைக்க வேண்டியவள் வரவில்லை.

சாயல்குடிப் பள்ளியில் ஆண்டு விழா. கரகமும் கும்மியும் முடிந்து, கடைசி நிகழ்ச்சி பன்னிரண்டாம் வகுப்புப் பூங்கோதைக்கும் சுகந்திக்கும். இருவரும் விடாமல் பார்க்கிற ஜப்பான் நிஞ்சா தொடரில் வரும் அடி அது. பெயர் இரட்டை நிழல் பாய்ச்சல். ஒருத்தி தோற்றவள் போலக் குனிய வேண்டும். மற்றவள் பின்னாலிருந்து ஓடிவந்து, அந்த முதுகில் கால் வைத்து எம்பி, காற்றில் சுழன்று பானையை உதைக்க வேண்டும்.

ஒற்றை ஆளால் முடியாது.

உப்பளத்தை ஒட்டிய மணலில் விழுந்து விழுந்து பழகியிருந்தார்கள். நேற்று சுகந்தி பள்ளிக்கு வரவில்லை. அவளுக்குக் கல்யாண நிச்சயம் வைத்துவிட்டார்கள். போனையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

நிச்சயம் இன்று. இந்த நேரம்.

"அதான் அவ வரலையில்ல. இறங்கி வா, பூங்கோதை," என்று திரையோரம் நின்ற ராமலெட்சுமி டீச்சர் கூப்பிட்டார்.

"மாட்டேன் டீச்சர்."

கீழே சிரித்தார்கள். "அங்கன என்னத்தத் தேடுது அந்தப் புள்ள?" என்று ஒருவன் கத்தினான்.

அவள் நிமிரவில்லை. இறங்கிப் போனால், அந்த நிச்சயத்துக்குத் தானும் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும் என்று தோன்றியது. இடுப்பு கடுத்தது. முகத்தைச் சுற்றிய கருப்புத் துணிக்குள் வியர்வை வழிந்து கண் எரிந்தது.

சிரிக்கட்டும்.

இசை முடியும் இடத்துக்கு வந்துவிட்டது.

பின்னால் மேடைப் பலகை தடதடத்தது.

முதுகில் ஒரு கால் அழுத்தமாகப் பதிந்தது. கொலுசுக் கால். பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு முதுகை உந்திக் கொடுத்தாள். தலைக்கு மேலே ஒரு பட்டுச் சேலை சுழன்றது.

பானை சிதறியது.

சிவப்புப் பொடி மழையாகக் கொட்ட, வரிந்து கட்டிய அரக்குப் பட்டும் தலை நிறைய மல்லிகையுமாகச் சுகந்தி ஒற்றை முழங்காலில் இறங்கி நின்றாள். பந்தல் கிழிந்துவிடும்போல் கூட்டம் கத்தியது.

திரைக்குப் பின்னால் வந்ததும் பூங்கோதை அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எப்பிடிடி வந்தே? உங்கய்யா விட்டாரா?"

"அவரா விடுவாரு? பூ வச்சுவிட வந்த ஒரு அம்மா, ஏன்டி அழுறேன்னு கேட்டாங்க. பதினேழு வயசுதான் ஆகுது, படிக்கணும், இன்னைக்கு ஸ்கூல்ல நான் குதிக்கணும்னு சொன்னேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நேரா வெளிய போயி, எங்கய்யா மூஞ்சிக்கு முன்னாடியே, இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டாங்க. அப்புறம் என்னயக் கார்ல ஏறச் சொன்னாங்க."

"யாருடி அவங்க?"

சுகந்தி திரையை விலக்கிக் காட்டினாள். பந்தலின் கடைசியில், பச்சைப் பட்டு உடுத்திய ஓர் அம்மாள் நாற்காலி மேல் ஏறி நின்று இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளையோட அம்மா."