இரண்டு ஆள் அகலம்

இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மடி நிறையப் போர்வையைப் பரப்பிக்கொண்டு, ஓரப்பட்டியை மடித்து மடித்துத் தைத்துக்கொண்டிருந்தான். ஊசி விரலைப் பதம் பார்த்தால் 'ஆ' என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டான்.

மெஷின் வேலையெல்லாம் கீழ்வீட்டுத் தையற்கடை மெர்சி அக்கா. அவனுடைய பழைய சட்டைகளையும் கடையில் மிஞ்சிய வெட்டுத்துணிகளையும் இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, இரண்டு ஆள் அகலத்துக்குத் தைத்துக் கொடுத்தாள்.

"ஓரத்த மட்டும் நீயே கையால தைச்சிரு தம்பி. அதையும் நானே செஞ்சா அது என் போர்வை ஆயிரும்."

குன்னூர்க் குளிரில் ஒரே ஒரு போர்வையோடு குடித்தனம் ஆரம்பித்தது அவன் தப்பு. தூக்கத்தில் அதை முழுசாகத் தன் பக்கம் சுருட்டிக்கொண்டது அதைவிடப் பெரிய தப்பு. தும்மிக்கொண்டே எழுந்த சுகந்தியிடம், "நீயும் இழுக்க வேண்டியதுதானே" என்று கேட்டானே, அதற்கு மன்னிப்பே கிடையாது.

"உங்களுக்குப் பொண்டாட்டி எதுக்கு, போர்வையே போதும்" என்று சொல்லிவிட்டு மேட்டுப்பாளையத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தப் பழைய போர்வை முழுசும் இப்போது அவனுக்குத்தான். ஆனாலும் குளிர் போகவில்லை.

இன்று வருகிறாள். மிச்சத் துணிமணிகளை எடுத்துப் போக. போனில் அப்படித்தான் சொன்னாள்.

சமாதானம் பேச அவனுக்கு வராது. இந்தப் புதுப் போர்வை பேசினால் உண்டு.

கடைசித் தையல். முடிச்சு. நூலைப் பல்லால் கடித்தான்.

கதவு தட்டும் சத்தம்.

தலைகால் புரியாமல் எழுந்தான். போர்வையும் கூடவே எழுந்தது.

உதறினான். விடவில்லை.

குனிந்து பார்த்தான். அந்தக் கடைசி ஒரு முழத்துக்கு, போர்வையோடு தன் லுங்கியையும் சேர்த்துத் தைத்திருந்தான். பொடிப்பொடியான, நெருக்கமான தையல். மெர்சி அக்கா பார்த்தால் மெச்சியிருப்பாள்.

வேறு வழியில்லை. முழுப் போர்வையையும் வாரிக் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தான்.

சுகந்தி. தலைமுடியில் மழைத்தூறல். கையில் காலிப் பை.

அவன் முகத்தைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். லுங்கியைப் பார்த்தாள்.

சிரிக்கவே கூடாது என்று வைராக்கியமாக வந்தவள்தான். முடியவில்லை.

அவனைக் கட்டிலில் உட்கார வைத்தாள். தையலை விரலால் நெம்பிப் பார்த்தாள். நகம்கூட நுழையவில்லை. கத்தரிக்கோலை அவனே எடுத்து நீட்டினான்.

வாங்கி, ஜன்னலோரம் வைத்துவிட்டாள்.

பையைக் கீழே போட்டுவிட்டு, கட்டிலின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வந்த குளிர் இன்னும் விட்டபாடில்லை.

போர்வையின் மறு ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

நன்றாகவே இழுத்தாள்.

அவனும் சேர்ந்து வந்தான்.