ஒரு வரிசைக் கல்

தச்சர் டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இந்தத் தடவை எத்தனை அடி சார்?"

இது ஐந்தாவது பாத்தி. வருஷத்துக்கு ஒன்றாக நான்கு கட்டிக் கொடுத்திருக்கிறார். மரமோ செங்கல்லோ தகரமோ, அவர் கைக்கு எல்லாம் ஒன்றுதான். தூரத்திலிருந்து வருகிறவர். போன வருஷம் வேலையை முடித்துவிட்டுப் போனவர் இன்றைக்குத்தான் மறுபடி வந்திருக்கிறார்.

முதல் பாத்தி பலகை. முக்கால் அடி உயரம். என் மனைவிக்கு முழங்கால் மடங்க மறுத்த வருஷம் அது. முக்காலி போட்டு உட்கார்ந்து கீரை விதைத்தாள். இப்போது மூலைகள் இற்றுப்போய் மண் வெளியே எட்டிப் பார்க்கிறது.

இரண்டாவது செங்கல். ஒன்றரை அடி. முக்காலியிலிருந்து எழ முடியாமல் போனதும், சுவரின் விளிம்பிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள்.

மூன்றாவது தகரம். இரண்டரை அடி. உட்கார்ந்தால் எழ முடியாது, நின்றபடியே செய்யலாம் என்று. கோடையில் தகரம் கொதித்து நாற்றெல்லாம் வெந்துபோயின. உள்பக்கம் சாக்கு வைத்து மறுபடி நட்டோம்.

அப்போதுதான் தச்சரிடம் சொன்னாள். "குனியக் குனியக் குட்டுவாங்கன்னு சொல்வாங்க. எனக்குப் பாருங்க, குனியாமலே குட்டு விழுது."

சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

நான்காவது இரும்புக் கால் வைத்த தொட்டி. மூன்றடி. சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டவளின் முழங்கால் இடிக்காமல் தொட்டிக்குக் கீழே போக வேண்டும். அதற்காக மூன்று முறை அளந்தார். அதில் தக்காளி போட்டாள். நன்றாகவே காய்த்தது.

வருஷா வருஷம் மண்தான் அவளைத் தேடி மேலே ஏறி வந்தது.

"சார்?"

"உயரம் வேண்டாம். தரையோட இருக்கட்டும். தொட்டியில இருக்கிற மண்ணை இறக்கிக் கொட்டிட்டு, சுத்தி ஒரு வரிசைக் கல் வச்சாப் போதும்."

அவள் கை அளைந்த மண். வேறெங்கும் கொட்ட மனம் வரவில்லை.

டேப் சரசரவென்று உள்ளே ஓடியது. தச்சரின் முகம் மலர்ந்துவிட்டது.

"தரையோடயா? அப்ப அக்கா குனியறாங்களா! வாசல்ல நாற்காலியக் காணோமேன்னு வரும்போதே நினைச்சேன் சார்."

நாற்காலியை வாடகைக் கடையில் திருப்பிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இந்த மூன்று மாதமாக எதுவுமே வரவில்லை.

தச்சர் சாப்பாட்டுப் பையைத் துழாவி ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். அவரை விதை. போன வருஷம் அவள் கேட்டு வைத்ததாம். மறக்காமல் கொண்டுவந்திருக்கிறார்.

"அக்கா கையாலயே ஊனச் சொல்லுங்க."

வாங்கிக்கொண்டேன்.

உறவுக்காரர்கள், அக்கம்பக்கம், பால்காரர் வரை எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் சொல்லச் சொல்ல அவள் இன்னும் கொஞ்சம் இல்லாமல் போனாள். மிச்சம் இவர் ஒருவர்தான்.

"ஆமா. நல்லா குனியறா" என்றேன்.

அவர் சந்தோஷமாக முதல் கல்லை எடுத்து வைத்தார்.