ஆளுக்கு நூறு வருஷம்

அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் அசையாமல் நின்றாள்.

காலைச் சுற்றிக் கோலப்பொடியில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் நிற்கிறவரை அவள் நூறு வருஷம்.

வந்ததென்னவோ டி.சி. வாங்கத்தான். பனியன் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். டவுனில் இருக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கை இன்றோடு சரி. வீட்டு வாசலுக்கே வேன் வருமாம். மகள் மிதுனாவை நாலாம் வகுப்புக்கு அங்கே கொண்டுபோய்த் தள்ளிவிட்டால் போதும், அப்புறம் நிம்மதி.

எழுதிக் கொண்டுவந்த கடிதத்தை டீச்சர் நின்றபடியே படித்தார். மடித்து சாக்பீஸ் டப்பாவுக்குள் வைத்தார்.

"பெல் அடிக்கட்டுங்க்கா. அதுவரைக்கும் சித்த இங்க நில்லுங்க. ஆள் பத்தல."

வரலாற்றுப் பாடமாம். இரண்டாயிரம் வருஷத்தையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்துகிறார்களாம். ஆளுக்கு நூறு வருஷம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றும் காலம் முடியவில்லை. ஹெட்மாஸ்டர் ஒரு வட்டத்தில் நின்றார். சத்துணவு சமைக்கிற நாச்சம்மாக்கா கரண்டியும் கையுமாக ஒன்றில் நின்றாள்.

மிச்சமிருந்த ஒன்றில் இவள்.

இன்னும் ஒரு பிள்ளை போனால் இந்தப் பள்ளிக்கூடத்தை மூடிப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஊருக்குள் பேச்சு. அது அவளுக்கும் தெரியும். அதற்காக? பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற அவள் பெண்தானா கிடைத்தாள்?

"இன்னிக்கு ஒவ்வொரு நூறு வருஷக் கதையையும் மிதுனா சொல்லுவா," என்றார் டீச்சர்.



இவளா? கல்யாண வீட்டில் யாராவது பேரைக் கேட்டாலே முந்தானைக்குள் புகுந்துகொள்கிற பிள்ளை. நாலு பேர் முன்னால் இதன் வாயைத் திறக்க வைக்கத்தானே டவுன், வேன், இத்தனை பாடும். போயும் போயும் இவளைப் பிடித்தார்களே.

மிதுனா அந்தக் கோடியில் நின்றிருந்தாள். முதல் வட்டத்துப் பையனைத் தொட்டாள். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

வட்டத்துக்குள் நின்றபடியே அவள் மனதுக்குள் கெஞ்சினாள். பேசு சாமி, பேசு.

"...கப்பல்ல வந்தாங்க. நம்மூருப் பக்கம் கல்லுமணி வாங்கிட்டுப் போனாங்க."

கேட்டது.

அடுத்த வட்டம். அதற்கடுத்தது. மிதுனா ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டு வந்தாள். ஒரு பையன் கோயில் கட்டினான். ஒரு பெண் ஏரி வெட்டினாள். வர வரக் குரலும் கூடிக்கொண்டே வந்தது.

சட்டென்று நின்றாள்.

"டீச்சர்! நூறு வருஷத்தக் காணோம்!"

வட்டம் மட்டும் இருந்தது. நாச்சம்மாக்கா அடுப்பைப் பார்க்க ஓடியிருந்தாள். மைதானமே சிரித்தது. ஹெட்மாஸ்டரும் சிரித்தார்.

"தாண்டிப் போ கண்ணு. நேரமாச்சு," என்றார் டீச்சர்.

மிதுனா தாண்டவில்லை.

"நடுவுல ஆளே இல்லாம அடுத்தது எப்படிங்க டீச்சர் வரும்?"

சிரிப்பு அடங்கிவிட்டது. டீச்சர் சாக்பீஸ் டப்பாவைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நாச்சம்மாக்கா மூச்சிரைக்க ஓடிவந்து வட்டத்துக்குள் குதித்தாள்.

"சாம்பார் அடிப்பிடிச்சா உங்க ராசாவா வந்து திம்பாரு? என்ற நூறு வருசத்தச் சீக்கிரம் முடி சாமி."

மிதுனா முடித்தாள். நகர்ந்தாள். இன்னும் இரண்டு பேரைத் தொட்டாள்.

அப்புறம் அம்மாவின் வட்டத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

அம்மாவைப் பார்க்கிற பார்வை இல்லை அது. வேலையைப் பார்க்கிற பார்வை. சின்னக் கை அவள் கையைத் தொட்டது.

"இவங்க காலத்துலதான் நம்ம நாட்டுக்கு மிளகாய் வந்துச்சு. இவங்களுக்கு முந்தின காலத்துல நிக்கறவங்க யாரும் மிளகாயையே பாத்ததில்ல."

"அட கொடுமையே!" நாச்சம்மாக்கா கரண்டியை ஓங்கினாள். "அப்ப நான் எதுல கொழம்பு வெச்சனாம்?"

"மிளகுல!"

திரும்பி நின்று கத்தினாள் மிதுனா. ரோட்டில் போகிறவனுக்கும் கேட்டிருக்கும்.

பெருமையாக இருந்தது அவளுக்கு. கோபமும் வந்தது. இத்தனை நாள் இந்தக் குரலை எங்கே ஒளித்து வைத்திருந்தாள் இந்தக் கழுதை? கண் வேறு கரித்தது. மிளகாய்ப் பேச்சு பேசினார்கள் அல்லவா, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். துடைக்க வழியில்லை. அசையக் கூடாதே.

மிதுனா போய்க்கொண்டே இருந்தாள். ரயில் வந்தது. சுதந்திரம் வந்தது. கடைசி வட்டத்தில் ஒன்றாம் வகுப்புப் பாப்பா ஒன்று 'இன்னிக்கு' என்று எழுதிய சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தது. அதை நேராக்கி வைத்தாள்.

பெல் அடித்தது.

இரண்டாயிரம் வருஷமும் தட்டைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு ஓடியது. மைதானத்தில் வெறும் வட்டங்கள்.

அவள் மட்டும் நின்றாள்.

"முடிஞ்சுதுங்க்கா. அசையலாம்."

டீச்சர் சாக்பீஸ் டப்பாவைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். குரல் இறங்கியிருந்தது.

"ஹெச்.எம். ரூமுலதான் இருப்பாரு. போலாங்களா?"

கடிதமெல்லாம் வெள்ளைப் பொடி. அவள் வாங்கி, தட்டி, இன்னும் சின்னதாக மடித்துப் பர்ஸுக்குள் போட்டாள். பர்ஸின் வாயை இழுத்து மூடினாள்.

"நாளைக்கும் ஆள் பத்தாதுங்களா டீச்சர்?"